சர் ஹம்ஃப்ரியும் சில குமாஸ்தாக்களும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையின் கடைசிப் பத்திதான் இதை எழுத வைக்கிறது. 'யெஸ் மினிஸ்டர்', அதைத் தொடர்ந்து வந்த 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' என்ற இரண்டு பி.பி.சி. நகைச்சுவைத் தொடர்களையும் குறிப்பிட்டு, நம் காலத்து அரசியல் அங்கதத்தின் உச்சம் அதுவே என்று அவர் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். தமிழில் அப்படி ஒன்று தோன்றாததற்குத் தமிழனின் புத்தி மந்தமே காரணம் என்றும் சொல்கிறார். இரண்டாவது விஷயத்தில் அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. முதலாவதை அப்படியே விழுங்கவும் முடியவில்லை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடரின் 38 பகுதிகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு எனக்குக் கொடுத்தவரே அந்த நண்பர்தான். போன மழைக்காலத்தில், ஆபீஸ் விட்டு வந்த இரவுகளில், எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டு அழும்படி ஒரு நாள் சிரித்தேன். ஹாஸ்ய உணர்வு இல்லாதவனின் புகார் என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சிரித்தவன், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று பிறகு யோசித்ததில் வந்த சங்கடம் இது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜிம் ஹாக்கர் என்று ஒரு மந்திரி. நிர்வாக விவகாரம் என்று ஒரு கற்பனை இலாகா. அதன் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி. மந்திரி எதையாவது செய்யக் கிளம்புவார். அது நடக்காமல் ஹம்ஃப்ரி பார்த்துக்கொள்வார். இருவருக்கும் நடுவே பெர்னார்ட் வூலி என்ற அந்தரங்கக் காரியதரிசி, மற்றவர்களின் உவமைகளில் இலக்கணப் பிழை திருத்திக்கொண்டு. பிறகு ஹாக்கர் பிரதம மந்திரியாகிறார், ஹம்ஃப்ரி மந்திரிசபைச் செயலாளராகிறார். 1980 பிப்ரவரியில் தொடங்கி 1988 ஜனவரி வரை விட்டுவிட்டு ஒளிபரப்பானது. 1979 பொதுத்தேர்தல் வருகிறது என்று தொடக்கத்தையே தேர்தல் முடியும்வரை தள்ளிப்போட்டார்கள். ஹம்ஃப்ரியே உத்தரவு போட்டிருந்தாலும் இதைவிட நாசூக்காகச் செய்திருக்க முடியாது.

ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்ன் பற்றி நண்பர் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். அநியாயம். அந்தப் பாத்திரத்தில் நம் நினைவில் தங்குவது எதுவோ அதில் பாதிக்கு மேல் ஹாதார்னுடையது. 1929 இல் கவென்ட்ரியில் பிறந்து, குழந்தையாகவே தென்னாப்பிரிக்காவுக்குப் போய், கேப் டவுனில் வளர்ந்து, 1951 இல் நடிகனாக வேண்டும் என்று இங்கிலாந்து திரும்பியவர். அதன்பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு சில்லறை வேஷங்கள், காத்திருப்பு. ஹம்ஃப்ரியாகத் திரையில் தோன்றியபோது வயது ஐம்பது. தன் அந்தரங்க வாழ்வை வெளியில் சொல்ல முடியாத தற்பாலினத்தவராக அத்தனை ஆண்டுகள் இருந்தவர். 1995 இல் ஆஸ்கார் பரிந்துரை வந்த சமயம் பத்திரிகைகள்தான் அவர் சம்மதமில்லாமல் அதை ஊருக்குச் சொல்லின. ஆங்கில ஆளும் வர்க்கத்தின் நடுக்கூடத்தில் பிறந்து வளர்ந்தவன் போலத் தோன்றிய அந்தப் பாத்திரத்தை நடித்தவர், எல்லா விதத்திலும் வாசலுக்கு வெளியே நின்றவர். உள்ளே இருப்பவன் தன் நடையைக் கவனிப்பதில்லை. வெளியே நிற்பவனுக்குத்தான் அந்த நடையின் ஒவ்வொரு அடியும் தெரியும்.

ஹம்ஃப்ரியின் நீண்ட வாக்கியங்களை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எழுவாய் ஒரு கரையில், பயனிலை மறு கரையில், நடுவே நிபந்தனைகளும் விதிவிலக்குகளும் பெருகி ஓடும். எழுதியவர்களின் சாமர்த்தியம் அது, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பேசும்போது ஹாதார்னின் கண்களைப் பாருங்கள். வாக்கியத்தின் முற்பாதியில் சங்கீத வித்வானின் லயிப்பு. முடிவு நெருங்கும்போது மந்திரியின் முகத்தில் ஒரு கணப் பார்வை: ஆள் தொலைந்துவிட்டானா என்று. தொலைந்துவிட்டான் என்று தெரிந்ததும் ஒரு சின்ன வருத்தம். அந்த வருத்தம் எழுத்துப் பிரதியில் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இத்தனை அழகாகப் பேசியும் கேட்க ஆளில்லையே என்கிற வருத்தம். ஒரு பகுதியில் பிரதம மந்திரியின் வீட்டுக்குள் நுழையும் சாவியை ஹம்ஃப்ரியிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். நடை, குரல், வாக்கியம் எல்லாம் குலைந்து ஒரு கிழட்டுக் குழந்தையாகிவிடுகிறார் ஹாதார்ன். நான் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

ஹாக்கராக நடித்த பால் எடிங்டன் குறைந்தவரல்ல. எதையும் அரை விநாடி தாமதமாகப் புரிந்துகொள்ளும் அந்த முகம் இல்லாமல் ஹம்ஃப்ரியின் வித்தை எடுபடாது. ஹாதார்னுக்கு நான்கு முறை பாஃப்டா விருது கிடைத்தது. நான்கு முறையும் எடிங்டன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருந்தது. பேசுகிறவனுக்குப் பரிசு, கேட்கிறவனுக்கு இல்லை. கச்சேரிகளில் நாம் மிருதங்கக்காரருக்குச் செய்வதைத்தான் அவர்கள் எடிங்டனுக்குச் செய்தார்கள். போர்க்காலத்தில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த குவேக்கர் அவர். 1995 இல், சாவதற்குச் சற்று முன் தந்த பேட்டியில், தன் கல்லறையில் என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, இவன் அதிகம் தீங்கு செய்யவில்லை என்று எழுதினால் போதும் என்றார். இந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய ஒரு மனிதர்கூட அந்தத் தொடரின் கதைக்குள் இல்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுதியவர்கள் இருவர். ஜானதன் லின் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, நடிகராகி, பிறகு ஹாலிவுட்டில் 'மை கஸின் வின்னி' (1992) போன்ற படங்களை இயக்கியவர். மற்றவர் ஆன்டனி ஜே. இந்த ஜே விஷயத்தில்தான் நண்பர் கண்ணை மூடிக்கொள்கிறார். பி.பி.சி.யில் தயாரிப்பாளராக இருந்தவர். 1967 இல் மாக்கியவெல்லியையும் கம்பெனி நிர்வாகத்தையும் முடிச்சுப்போட்டு ஒரு புத்தகம் எழுதியவர். 1972 இல் நடிகர் ஜான் க்ளீஸ் முதலியோருடன் சேர்ந்து வீடியோ ஆர்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியவர். அதன் வேலை, கம்பெனி மானேஜர்களுக்குப் பயிற்சிப் படம் எடுத்து விற்பது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி நிலையத்தில் அப்படி ஒரு பழைய படம் போட்டார்கள். கூட்டங்களை ஒழுங்காக நடத்தத் தெரியாத ஒரு மானேஜரை, கனவில், நீதிபதி முன் நிறுத்தி விசாரிக்கிறார்கள். மானேஜரும் நீதிபதியும் க்ளீஸ்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டும் எங்களில் ஒருவரும் தூங்கவில்லை. எழுதியவர்களில் ஒருவர் ஜே என்பது வெகு நாள் கழித்தே தெரிந்தது. ஹம்ஃப்ரியும் அந்தப் பயிற்சிப் படங்களும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. ஒன்றில் சர்க்கார் உத்தியோகஸ்தன் திருந்தவே முடியாத ஜென்மம். மற்றதில் கம்பெனி மானேஜர், கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் திருந்திவிடக்கூடியவர்.

தொடருக்கான மூலச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது ரகசியமல்ல. ரிச்சர்ட் க்ராஸ்மன் என்ற தொழிற்கட்சி மந்திரியின் நாட்குறிப்புகள். 1975 இல் அவை வெளிவரக்கூடாது என்று சர்க்கார் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. 1964 இல் வீட்டுவசதி மந்திரியாக க்ராஸ்மன் பதவியேற்றபோது அவருக்கு வாய்த்த நிரந்தரச் செயலாளர் ஒரு பெண்மணி: டேம் எவ்லின் ஷார்ப். பிரிட்டனில் அந்தப் பதவியை 1955 இல் எட்டிய முதல் பெண். க்ராஸ்மனுக்கும் இவருக்கும் நடந்த இழுபறிதான் நாட்குறிப்பின் ருசிகரமான பகுதி. ஆனால் அந்த அம்மாள் எதற்காக இழுத்தார்? நகர்த் திட்டமிடல் அதிகாரத்தைத் தன் இலாகாவிலிருந்து பிய்த்து, புதிதாக முளைத்த இன்னொரு இலாகாவுக்குக் கொடுப்பதைத் தடுக்க. வீடுகளும் அவற்றைச் சுற்றிய நிலமும் ஒரே கையில் திட்டமிடப்பட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. அது சரியா தப்பா என்பது வேறு கேள்வி. தந்திரம், பிடிவாதம், மந்திரிக்குத் தெரியாமல் மேலிடத்தில் பேசிவைப்பது எல்லாம் அவரிடமும் உண்டு. அந்தத் தந்திரத்துக்கு ஒரு பொருள் இருந்தது.

ஜேயும் லின்னும் தந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், பொருளைக் கழற்றிவிட்டார்கள். ஹம்ஃப்ரிக்கு இலாகாவின் பருமனைத் தவிர, தன் ஓய்வூதியத்தையும் பட்டத்தையும் தவிர, வேண்டியது ஒன்றுமில்லை. 1982 இல் வந்த ஒரு பகுதியில் ஹம்ஃப்ரியே இதை வெளிப்படையாகப் பேசுகிறார்: இத்தனை ஆண்டுகளில் பதினொரு சர்க்கார்களிடம் வேலை செய்திருக்கிறேன், உருக்கு ஆலைகளைத் தேசியமயமாக்கியபோதும் அதை விலக்கியபோதும் மறுபடி ஆக்கியபோதும் ஒவ்வொன்றையும் மனசார நம்பியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும், என்ற பொருளில். தொடரிலேயே ஆழமான இடம் இது. ஒரு மனிதன் எப்படிக் காலியாக்கப்படுகிறான் என்பதற்கான வாக்குமூலம். ஹாதார்ன் அதை அப்படித்தான் பேசுகிறார். ஆனால் காட்சி அங்கே நிற்பதில்லை. பெர்னார்டின் திகைத்த முகம், அடுத்த ஜோக். பிரதி தன்னுடைய உண்மையையே கண்டு பயந்து ஓடுகிறது.

பொருளைக் கழற்றியது தற்செயல் என்று நண்பர் வாதிடலாம். ஜேயே அதற்கு இடம் வைக்கவில்லை. 2007 இல் ஆடம் கர்டிஸ் எடுத்த 'தி ட்ராப்' என்ற ஆவணத் தொடரில் தோன்றி, 'பொதுத் தேர்வுக் கோட்பாடு' என்ற பொருளாதாரச் சித்தாந்தத்தின் செல்வாக்கு தன் தொடருக்குப் பின்னால் இருந்தது என்பதை அவர் மறைக்காமல் பேசுகிறார். 1986 இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் புகானனின் சித்தாந்தம் அது. சாரம் எளிது: பொதுநலம் என்று எதுவுமில்லை, சர்க்கார் ஊழியனும் மளிகைக்கடைக்காரனைப் போலத் தன் லாபத்தைப் பார்க்கிறவன், கடைக்காரனாவது ஒப்புக்கொள்கிறான், இவன் பொதுநலம் என்று பூசி மெழுகுகிறான். ஹம்ஃப்ரி இந்தச் சித்தாந்தத்தின் தேர்த்திருவிழா மூர்த்தி. ஒரு படைப்பாளி எந்தச் சித்தாந்தத்தையும் வைத்திருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சித்தாந்தப் பிரசாரத்தைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர், முற்போக்கு முகாமின் நாடகங்களுக்குப் பிரயோகிக்கும் அளவுகோலை இதற்கு ஏன் எடுக்கவில்லை? வலது பக்கத்திலிருந்து வந்தால் அது பிரசாரம் இல்லை, சிரிப்பு மூட்டினால் அது சித்தாந்தம் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது?

இனி 1984 ஜனவரி. இந்த மாதத்தை நண்பர் தம் கட்டுரையில் ஒரு பெருமையாகக் குறிப்பிடுகிறார். அதனால் நானும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மார்கரெட் தாட்சருக்கு மிகப் பிடித்த தொடர் இது. அந்த ஜனவரி 20 ஆம் தேதி, மேரி வைட்ஹவுஸ் அம்மையாரின் ஒழுக்கக் காவல் சங்கம் தொடருக்கு விருது கொடுத்த விழாவில், தாட்சர் தாமே ஒரு குட்டி நாடகத்தில் நடித்தார். ஹாதார்னும் எடிங்டனும் வேண்டாவெறுப்பாக உடன் நின்றார்கள். பொருளாதார நிபுணர்களை ஒழிக்க வேண்டும் என்று பிரதம மந்திரி சொல்கிறார், ஹம்ஃப்ரி திகைக்கிறார், கடைசியில் ஹம்ஃப்ரி படித்ததே பொருளாதாரம் என்று தெரிகிறது. அவ்வளவுதான் ஜோக். நன்றி சொல்ல எழுந்த லின், பிரதம மந்திரி கடைசியில் நகைச்சுவைத் தொடரில் தமக்குரிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்றார். அரங்கம் சிரித்தது. அந்த அரங்கத்தில் அன்று நடந்த ஒரே அங்கதம் லின்னின் அந்த ஒற்றை வரிதான்.

ஜனவரி 25 ஆம் தேதி, அதாவது ஐந்து நாள் கழித்து, அதே சர்க்கார் செல்ட்னமில் உள்ள ஒற்றுக்கேட்பு நிலையத்தின் ஊழியர்கள் இனித் தொழிற்சங்கத்தில் இருக்கக்கூடாது என்று அறிவித்தது. மார்ச் மாதம் சாரா டிஸ்டல் என்ற 23 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். வெளியுறவு இலாகாவில் கீழ்நிலைக் குமாஸ்தா. அமெரிக்க ஏவுகணைகள் பிரிட்டன் மண்ணில் வந்திறங்குவது குறித்துப் பாதுகாப்பு மந்திரி எழுதிய குறிப்பு அவர் கைவழியே போயிற்று. பார்லிமென்டில் கேள்விக்குத் தப்பும்படி நேரம் குறித்திருந்தது தப்பு என்று பட்டதால், அதை நகலெடுத்து 'கார்டியன்' பத்திரிகைக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் க்ளைவ் பான்டிங் என்ற அதிகாரி, ஃபாக்லாந்து யுத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட அர்ஜென்டினக் கப்பல் பற்றிய உண்மையை ஒரு எம்.பி.க்கு அனுப்பியதற்காகக் கூண்டில் நின்றார். ஜூரி அவரை விடுதலை செய்தது. தேசம் ஹம்ஃப்ரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் சர்க்கார் ஊழியர்கள் செய்த காரியங்கள் இவை. அவர்கள் பொய்யை மறைக்க வாக்கியம் நீட்டவில்லை. தொடர் 1988 வரை ஓடியது. டிஸ்டலுக்கு அதில் ஒரு நாற்காலி கிடையாது. நான் 38 பகுதிகளையும் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்: கோப்பைக் கொண்டு வந்து வைக்கிறவள், டைப் அடிக்கிறவள், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன், இவர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை, பட்டாலும் மனிதராக இல்லை. சர்க்கார் என்பது நல்ல சூட் போட்ட மூன்று ஆண்கள் இருக்கும் ஓர் அறை.

மந்திரியையும்தானே கேலி செய்கிறார்கள் என்பார் நண்பர். செய்கிறார்கள்தான். ஆனால் எதற்காக? ஹாக்கர் கோழை, பத்திரிகையில் பெயர் வர ஆசைப்படுகிறவர், வோட்டுக்குப் பயப்படுகிறவர். பலவீனங்கள். பலவீனம் உள்ளவர்மேல் நமக்குப் பிரியம் வந்துவிடும். கடைசிவரை அவர் எந்தக் கட்சி என்று தொடர் சொல்வதில்லை. எந்தக் கட்சிக்காரனும் தன்னை அவரில் பார்த்துக்கொள்ளலாம், பார்த்துச் சிரித்துவிட்டு, பாவம், நாம் நல்லது செய்யத்தான் நினைக்கிறோம், செயலாளர் விடமாட்டேன் என்கிறானே என்று தூங்கப் போகலாம். அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஹாக்கர் செய்யும் கெடுதலுக்காக அவரை யாரும் கேலி செய்யவில்லை. ஜெரால்ட் ஸ்கார்ஃபின் கோட்டோவியங்கள்தான் தொடரின் முகப்பில் வருகின்றன. மூக்கும் தாடையும் கத்தி போல நீளும் குரூரமான கோடுகள். முகப்பு முடிந்து கதை ஆரம்பித்ததும் அந்தக் குரூரம் காணாமல் போய்விடுகிறது. சாயங்காலத் தேநீர் மாதிரி ஆகிவிடுகிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆஸ்பத்திரிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் (1981). புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி, ஐந்நூறு நிர்வாக ஊழியர்கள், ஒரு நோயாளி கூட இல்லை, சுத்தத்துக்கான பரிசுக்குப் போட்டியிடுகிறது. பிரமாதமான கற்பனை. மருத்துவர்களை நியமிக்க முடியாமல் போனது சர்க்காரின் செலவுக் குறைப்பால் என்று உரையாடலில் எங்கோ ஒரு வரி வந்து போகிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஸ்விஃப்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் ஊழியர்களை எண்ணப் போய்விட்டார்கள். எண்ணிக்கை அப்போது பிரிட்டனில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது: 1979 இல் சுமார் 7,30,000 சிவில் ஊழியர்கள், அதை 1984 க்குள் 6,30,000 ஆக்குவது தாட்சரின் இலக்கு. இலக்கு எட்டப்பட்டது. போனவர்களில் எத்தனை பேர் ஹம்ஃப்ரிகள் என்று நண்பர் விசாரித்துப் பார்க்கலாம்.

பி.ஏ.யில் 'லிட்டில் டாரிட்' பாடமாக இருந்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் டிக்கன்ஸ் ஞாபகம் வருகிறது. 1855 இல் தொடராக வர ஆரம்பித்த அந்த நாவலில், எதையும் எப்படிச் செய்யாமல் இருப்பது என்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆபீஸ் இருக்கிறது. ஹம்ஃப்ரியின் நேர்ப் பாட்டனார்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் டிக்கன்ஸ் அந்த ஆபீஸுக்குள் ஒரு மனுதாரனை நடக்க வைக்கிறார். ஜன்னலுக்கு ஜன்னல், மாடிக்கு மாடி. கண்டுபிடிப்பாளன் ஒருவன் அங்கே அலைந்தே வயதாகிப்போகிறான். நமக்கு வலிக்கிறது, அதனால் சிரிப்பிலும் ரத்தம் இருக்கிறது. 'யெஸ் மினிஸ்ட'ரில் மனுதாரன் கிடையாது. ஹம்ஃப்ரியால் தாமதமான ஒரு ஓய்வூதியமோ ஒரு வீடோ யாருக்குப் போகவில்லை என்று ஒருபோதும் காட்டுவதில்லை. மனுதாரன் இல்லாத அதிகாரவர்க்கம் பற்றிய அங்கதம், நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியை விட எந்த விதத்தில் மேல்?

தமிழில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை என்ற விசனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2001 இல் இந்தியில் எடுத்தார்கள், 'ஜீ மந்த்ரிஜீ' என்று. ஃபாரூக் ஷேக் மந்திரி, ஜெயந்த் கிருபளானி செயலாளர். நல்ல நடிகர்கள். மூலத்தின் நிழல் என்ற அளவில் நின்றுவிட்டது. ஹம்ஃப்ரி ஒரு குறிப்பிட்ட ஆங்கில வாக்கிய அமைப்பின் குழந்தை. நம்முடைய ஹம்ஃப்ரிக்கு வாக்கியத்தை நீட்டவேண்டிய அவசியமே இல்லை. 'ஆவன செய்யப்படும்.' இரண்டு சொல், வேலை முடிந்தது. எது ஆவது, செய்வது யார், எப்போது, ஒன்றும் கிடையாது. 'பரிசீலனையில் உள்ளது.' 'மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது.' செய்கிறவனை வாக்கியத்திலிருந்து தூக்கி வெளியே போட்டுவிட்ட இந்தச் செயப்பாட்டுவினைத் தமிழில் நாம் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறோம். நண்பருக்கு இது கண்ணில் படவில்லை, ஹம்ஃப்ரியின் ஆங்கிலம் பட்டிருக்கிறது.

இந்த உறவு வெறும் ஒப்புமையும் அல்ல. ஹம்ஃப்ரியின் சர்வீஸை உருவாக்கிய 1854 ஆம் வருஷத்து அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் தொடங்கியவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தை அளந்து அளந்து கொடுத்தவர் என்று ஐரிஷ்காரர்கள் இன்றுவரை மன்னிக்காத மனிதர். அதே டிரெவெல்யன் 1859 இல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தார். வருமான வரி உள்ளிட்ட புது வரிகளை மத்திய சர்க்கார் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். 1860 இல் பதவி போயிற்று. பஞ்சத்தில் விதியைக் காத்தவரும், சென்னையில் விதியை மீறி வாய் திறந்தவரும் ஒரே ஆள். இந்த முரணில் ஒரு நாவல் இருக்கிறது. ஜேயின் சித்தாந்தத்தால் இந்த ஆளை விளக்க முடியாது. அவருக்கு அதில் என்ன லாபம்?

கடைசியாக என் சொந்த விஷயம். 2016 நவம்பரில் நான் கவுண்டரில் இருந்தேன். 8 ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாற்றிக்கொள்ள முதலில் 4,000 ரூபாய் வரை என்று விதி. 14 ஆம் தேதி 4,500. 18 ஆம் தேதி 2,000. 24 ஆம் தேதியோடு மாற்றுவதே நின்றது. டிசம்பர் 19 இல், 5,000 ரூபாய்க்கு மேல் கட்டுகிறவரைக் கேள்வி கேட்கச் சொன்னார்கள்; 21 இல் கேட்க வேண்டாம் என்றார்கள். அந்த ஐம்பது நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அறிவிப்புகள். ஒவ்வொரு நாளும் அன்றைய விதியை நான் உண்மை போலச் சொன்னேன். ஹம்ஃப்ரி உருக்கு ஆலை பற்றிப் பேசியது எனக்கு ஏன் சிரிப்பாக இல்லை என்று நண்பருக்கு இப்போது புரியலாம்.

நவம்பர் 17 அன்று பணம் தீர்ந்துபோய் ஒரு பாட்டியை நாளைக்கு வரச் சொன்னேன். 500 ரூபாய் நோட்டு ஒன்பது வைத்திருந்தாள். மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள். நான்கு நோட்டுதான் மாற்ற முடியும் என்றேன்.

"நேத்து ஒம்பதும் மாத்தலாம்னு சொன்னது நீதானேப்பா?"

"லிமிட் குறைக்கப்பட்டிருக்கு பாட்டி."

"யாரு கொறச்சா?"

எனக்கு அந்தக் கேள்விக்கு வாக்கியம் அமையவில்லை. மேலேயிருந்து ஆர்டர் என்றேன். ஒற்றைப் புது 2,000 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன், அவள் விரலில் மை வைத்தேன். அவளுக்குக் கணக்கு எந்த வங்கியிலும் இல்லை. மீதி ஐந்து நோட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அந்தப் புது நோட்டுக்கு அவளுக்கு யார் சில்லறை கொடுத்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மந்திரியைப் பயமுறுத்த ஹம்ஃப்ரி வைத்திருக்கும் கடைசி ஆயுதம், 'துணிச்சலான முடிவு' என்று பாராட்டுவது. தேர்தலில் தோற்றுப்போவீர்கள் என்று அதற்கு அர்த்தம். 2016 இல் அதே சொல்லை நான் தினமும் டெலிவிஷனில் கேட்டேன், பாராட்டாகவே. கமிட்டி போட்டு, குறிப்பு எழுதி, மூன்று மாதம் இழுத்தடிக்கும் ஒரு ஹம்ஃப்ரி அந்த அக்டோபரில் எங்காவது ஒரு நாற்காலியில் இருந்திருக்கக்கூடாதா என்று எங்கள் கிளையில் ஆசைப்படாதவர் இல்லை. பெயர் சொல்லாமல்தான் ஆசைப்பட்டோம். என்னைத் தவிர யாருக்கும் ஹம்ஃப்ரியைத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்திருந்தால், அவரைப் பற்றியும் ஜே ஒரு நகைச்சுவைப் பகுதி எழுதியிருப்பார். நானும் நண்பரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருப்போம்.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவதாக ஆசிரியர் சொன்னார். எழுதட்டும். அதற்கு முன் தொடரை அவர் இன்னொரு முறை பார்ப்பது நல்லது, குறிப்பாக 1982 ஆம் வருஷத்துப் பகுதிகளை. பென்டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் கிளைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.